சுரபுன்னைக் குகையில் பெண் பார்த்த நாள்

இனிமேல் கூடத்தில் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று நான் சொன்ன அன்று, அம்மா சமையலறையில் பாத்திரங்களை வைத்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சுனாமி வந்து போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரம் கீழ வீதியில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. நான் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் பஸ் பிடித்துப் போவேன், சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பெண் பார்க்க வருவார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "போய் போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த சில நாட்களுக்கு வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

அந்த வருஷங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் புதுச்சத்திரம் வருவதற்குள் எழுந்து நின்றுகொள்வேன். வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். "மிஸ், நீங்க நடந்தா எங்களுக்குப் பதட்டமா இருக்கு" என்று ஒரு பெண் ஒருமுறை சொன்னாள். எனக்கும் பதட்டமாகத்தான் இருந்தது. எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கூடத்தில் நிற்க மாட்டேன் என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது மாமாதான். மாமா அம்மாவின் தம்பி. எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு சுற்றுலா யோசனை இருக்கும்.

"பிச்சாவரத்துல பாத்துக்கலாம்க்கா," என்றார். "படகுல ஒரு ரவுண்டு. சுத்திப் பாக்க வந்த மாதிரி அவுங்க வரட்டும், நாம போவோம். புடிச்சா புடிச்சுது. இல்லன்னா அவுங்க வழியில அவுங்க, நம்ம வழியில நாம. யாரும் யாரு வீட்டுக்கும் வந்து போன பேச்சே இல்ல."

"நல்லா இருக்குதுடா. பொண்ண ஆத்துல வச்சா காட்டுவாங்க?" என்றாள் அம்மா.

"ஆறு இல்லக்கா, கழி. கடல் தண்ணி உள்ள வந்து நிக்கற எடம்."

அப்பா சிரித்துவிட்டார். அதோடு அது முடிவாயிற்று.

அப்போது வந்திருந்த வரன் கடலூர் ஓல்டு டவுனைச் சேர்ந்தவர். வங்கியில் கடன் பிரிவில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். மாமா போனில் பிச்சாவரம் யோசனையைச் சொன்னபோது அந்த அம்மாள் ஒரு நொடி பேசாமல் இருந்தாராம். பிறகு, "தாராளமா வரோம்ங்க. பையனும் வெளிய எங்கயும் போறதில்ல, அவனுக்கும் நல்லது" என்றாராம். அந்த ஒரு நொடியை மாமா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது பின்னாலேதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளை வழியாகப் போகும் பஸ்ஸில் அப்பா, அம்மா, மாமா, நான் நால்வரும் போய் இறங்கினோம். அவர்கள் காரில் வந்திருந்தார்கள். அவர், அவருடைய அம்மா, சித்தப்பா ஒருவர். பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த பிள்ளைகள் படகுத்துறையில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தண்ணீரைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் கார் நின்ற பக்கம் திரும்பி நின்று சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தார். சட்டையின் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அம்மா எனக்கு மயில்கழுத்துப் பட்டுச் சேலை கட்டிவிட்டிருந்தாள். அதற்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி பெல்ட்டை இறுக்கியபோது, எனக்கே சிரிப்பு வந்தது. அவரும் மாட்டிக்கொண்டார். மூன்று பெல்ட்டையும் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

படகுக்காரர் எங்களைப் பார்த்து, "குகைக்குள்ள போவணுமா, சும்மா வெளிய சுத்தினா போதுமா?" என்று கேட்டார்.

"குகையா? இங்க ஏதுங்க குகை?" என்றார் அந்தச் சித்தப்பா.

"மரந்தான் குகை. ரெண்டு பக்கமும் சுரபுன்னை வளந்து மேல மூடிக்கும். உள்ள போனா வானம் தெரியாது. வர்றவங்க எல்லாம் அதப் பாக்கத்தானே வர்றாங்க. மோட்டார் படகு அங்க போவாது, துடுப்புப் படகுதான். அதுலயும் நெறைய பேர ஏத்த முடியாது."

துறையின் சுவரில் அந்த இடத்தின் படத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். பச்சைச் சுரங்கம் போல ஒரு வழி, அதன் முடிவில் ஒரு பொட்டு வெளிச்சம். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சிதம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதற்குள் போனதில்லை. வெளியூர்க்காரர்கள் போகிற இடம் என்று விட்டுவிட்டோம்.

"குகைக்கே போவோம்," என்றார் மாமா. உடனே ஆட்களைப் பிரித்தார். அப்பா, அம்மா, மாமா, அந்தச் சித்தப்பா நால்வரும் முதல் படகில். நானும் அவரும் அவருடைய அம்மாவும் இரண்டாவது படகில். அம்மா என் கையை விடாமல் நின்றாள். "பையனோட அம்மா கூட இருக்காங்கல்லக்கா, ஏறு" என்று மாமா அவளை ஏற்றிவிட்டார்.

அவர் படகில் ஏறியபோது முகம் வெளுத்திருந்தது. உட்கார்ந்ததும் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அகலமான கழியில் காற்று நன்றாக வீசியது. பிறகு அவரே கேட்டார்.

"எந்த கிளாஸுக்கு எடுக்கறீங்க?"

"எட்டுல இருந்து பத்து வரைக்கும்."

"தெனம் போயிட்டு வரது கஷ்டமா இல்ல?"

"வீட்டுல உக்காந்து இருக்கறதுதாங்க கஷ்டம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. ஆனால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நம்மை மாதிரியே நிலைகொள்ளாத ஒருவர் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

முதல் படகு ஒரு திருப்பத்தில் மறைந்தது. எங்கள் படகுக்காரர் அதே பக்கம் திரும்பி, துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். இனி துடுப்புப் போட இடமில்லை. இரண்டு பக்கமும் வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அவற்றைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துப் படகை நகர்த்தினார். தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொண்டன. வெளியே உச்சி வெயில். உள்ளே பச்சையாக ஒரு மங்கல். ஒவ்வொரு கிளைக்கும் குனிய வேண்டியிருந்தது. சேற்று வாடை. எங்கோ வேருக்கடியில் தண்ணீர் முட்டி முட்டிச் சத்தம் போட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாமென்று திரும்பினால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் படகின் அடி எதிலோ உரசியது. நின்றது.

"தண்ணி வத்துது," என்றார் படகுக்காரர். "முன்னாடி போன படகு எப்படியோ தாண்டிடுச்சு. செத்த இருங்க, அசைச்சுப் பாக்கறேன்."

அசைத்தார். படகு ஆடியதே தவிர நகரவில்லை.

"திரும்பிப் போயிடலாங்க," என்றார் அவர். குரல் மாறியிருந்தது.

"திருப்ப எடம் ஏது சார்? முன்னாடிதான் போவணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"தண்ணி ஏறணும், இல்ல படகு அசையணும்."

அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஓடி வந்தவர் மாதிரி மூச்சு. நெற்றியிலிருந்து வியர்வை சட்டைக் காலரில் இறங்கியது. அவருடைய அம்மா சட்டென்று முன்னால் சாய்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "கண்ணத் தொறக்காதப்பா. ஒண்ணும் இல்ல. வெளிய வந்துடுவோம். அம்மா இருக்கேன்ல" என்றார். அதைச் சொன்ன விதத்தில், இது அந்த அம்மாளுக்குப் புதிதில்லை என்று தெரிந்துவிட்டது.

"எறங்கணும்மா. நான் எறங்கணும்."

"எங்கப்பா எறங்குவ? சேறு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "சார், உக்காருங்க, உக்காருங்க" என்று படகுக்காரர் கத்துவதற்குள் அவர் பக்கத்து வேரில் காலை வைத்து, வழுக்கி, தொடை வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார். இரண்டு கைகளாலும் ஒரு வேரைக் கட்டிக்கொண்டார். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பல் கிட்டித்துப் போயிருந்தது. அவருடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அம்மாவின் பட்டுச் சேலை ஞாபகம் வந்திருக்கும். கொசுவத்தை வாரி இடுப்பில் செருகிக்கொண்டு, படகின் ஓரத்தைப் பிடித்தபடி நானும் இறங்கினேன். தண்ணீர் இடுப்பு வரை வந்தது. சேறு முழங்காலை உள்ளே வாங்கிக்கொண்டது. சில்லென்றுதான் இருந்தது, பயமாக இல்லை. அவர் தோளைத் தொட்டேன். உடம்பு மொத்தமும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், என்னப் பாருங்க."

பார்க்கவில்லை.

பரீட்சை நாளில் கை நடுங்கும் பிள்ளைகளுக்கு நான் செய்வது ஒன்று உண்டு. அதுதான் வாயில் வந்தது. "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க," என்றேன், வகுப்பில் கேட்கிற அதே அதட்டலோடு.

அவர் கண் என் பக்கம் திரும்பியது. "என்னது?"

"பதினேழு ஒண்ணு?"

"பதினேழு."

"ரெண்டு பதினேழு?"

"முப்பத்தி... முப்பத்தி நாலு."

ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் தடுக்கியபோது நான் விடவில்லை, மறுபடி கேட்டேன். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாங்கள் இருவரும் இறங்கியதில் பாரம் குறைந்து படகு மிதக்க ஆரம்பித்திருந்தது. அதை முதலில் கவனித்தது படகுக்காரர். "எம்மா, ஏறாதீங்க. ரெண்டு பேரும் படகப் புடிச்சுக்கிட்டே நடந்து வாங்க. அந்தத் திருப்பத்துல மண்ணு கெட்டியா இருக்கும்" என்றார்.

அப்படியே நடந்தோம். அவர் ஒரு கையால் படகையும் ஒரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. என் செருப்பு இரண்டும் உள்ளேயே போய்விட்டன. அவர் வாய்ப்பாட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கிளைகள் விலகி வெயில் தலையில் பட்டதும் நிறுத்திவிட்டார். அங்கே மண் கெட்டியாக இருந்தது. படகுக்காரர் கை கொடுத்து எங்களை ஏற்றினார். என்னை அரிசி மூட்டையை இழுப்பது போல இழுத்துத்தான் போட வேண்டியிருந்தது.

அகலமான கழியில் முதல் படகு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "என்னாடி இது கோலம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லங்க, பயப்படாதீங்க. பொண்ணு கால் வழுக்கி விழுந்துட்டா. என் பையன்தான் எறங்கித் தூக்கிவிட்டான்."

அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து, விரல் நகங்களில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மறுத்துப் பேச மனது வரவில்லை. "மாப்ள பரவால்லயே" என்று மாமா கையைத் தட்டினார். அப்பா, "ரொம்ப நன்றி தம்பி" என்றார். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் சொல்லவில்லை. ஒரு ஆண்பிள்ளை பயந்து நடுங்கியதைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அதோடு, சொன்னால் அந்த வரன் போய்விடும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. அவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஏன் என்று சொல்வது கஷ்டம். முன்பின் தெரியாத ஒருவர் அவ்வளவு பயத்திலும் நான் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாரே, அதனாலாக இருக்கலாம்.

அதற்குப் பிந்தைய நாட்கள் மோசமானவை. என்னிடம் சின்ன நோக்கியா போன் ஒன்று இருந்தது. அந்த வீட்டிலிருந்து அதற்கு அழைப்பு வர வழியே இல்லை. நம்பர் அவர்களிடம் கிடையாது. ஆனாலும் பஸ்ஸில் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். மாடியில் துணி காயப்போடப் போனால் இறங்கி வர மறந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். அவர் வேலை பார்த்த வங்கி என் பஸ் போகும் வழியில்தான். கண்ணாடிக் கதவை ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்ப்பேன். ஒருநாளும் யாரும் தெரியவில்லை.

பதில் மாமா மூலமாக வந்தது. மாமா வழக்கமாகப் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். அன்று வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சொம்பைக் கீழே வைத்தார்.

"வேணாம்னுட்டாங்க," என்றார் கடைசியில்.

"என்னாவாம்?" என்றாள் அம்மா.

"விடுக்கா."

"சொல்லுடா."

"பொண்ணுக்கு அடக்கம் பத்தலயாம். படகுல ஒரு எடத்துல உக்காரலயாம். வேடிக்கை பாக்கறேன்னு எழுந்து நின்னு, விழுந்து, சேலையத் தூக்கிக் கட்டிக்கிட்டு... ஜாஸ்தி பேசறாங்கக்கா. நான் போன வச்சுட்டேன்."

நான் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். வேர், சேறு, வாய்ப்பாடு, அந்த அம்மாள் முந்திக்கொண்டு சொன்ன பொய் எல்லாம். சொல்லி முடித்ததும் மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"அவர் முகத்தப் பாத்து சொல்ல முடியலம்மா."

அம்மா நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா, "சரி விடு" என்றார். அந்த 'சரி விடு'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம்பியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். இது நம்பாதவர் சமாதானம் சொல்கிற குரல். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கடலூரில் இருந்தார்கள். அந்த அம்மாள் சொன்ன கதை அந்த வாரமே சுற்றி, ஒரு பெரியம்மா வாயால் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, "பிச்சாவரத்துல தண்ணியில விழுந்துட்டீங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பஸ் நிலையத்துக்குப் போக வேண்டிய கால்கள் வங்கிக்குப் போயின. கடன் பிரிவில் அவர் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஏதோ பைலைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்று நிமிர்ந்தவர் பைலை மூடிவைத்தார்.

"நான் சண்டை போட வரல," என்றேன். "வேணாம்னு சொல்லுங்க, அது உங்க இஷ்டம். ஆனா நடக்காதத ஏன் சொல்றீங்க?"

"என்ன சொன்னோம்? ஜாதகம் சரியில்லன்னுதான அம்மா சொன்னாங்க?"

அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் முகம் படகில் இருந்தது போலவே ஆயிற்று. பக்கத்து மேஜைக்காரர் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். "வெளிய டீக்கடைக்கு வரீங்களா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார்.

டீக்கடையில் நின்றபடி, டீயைக் குடிக்காமல், அவர் சொன்னார். சுனாமி அன்று காலை அவரும் நண்பர்களும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாகப் போவதுதான். தண்ணீர் வருகிறது என்று யாரோ கத்தியபோது அவரும் இன்னொருவரும் கரையோரத்தில் பாதி கட்டி நின்ற ஒரு அறைக்குள் ஓடி நுழைந்தார்கள். தண்ணீரும் பின்னாலேயே நுழைந்தது.

"மேல வரைக்கும் ஏறிடுச்சுங்க. சீலிங்குக்கும் தண்ணிக்கும் நடுவுல இவ்ளோதான் எடம்," என்று விரலால் காட்டினார். "மூக்க மட்டும் வெளிய வச்சுக்கிட்டு இருந்தேன். அவன் கைய புடிச்சிருந்தேன். அப்புறம் தண்ணி எறங்கும்போது பாத்தா கை இல்ல."

ஆறிப்போன டீயை அவர் கையிலிருந்து வாங்கி பெஞ்சில் வைத்தேன்.

"அதுக்கப்புறம் பீச் பக்கம் போனதில்ல. லிஃப்ட்ல ஏற மாட்டேன். பிச்சாவரம்னு சொன்னப்ப அம்மா சொன்னாங்க, அது அலை இல்லாத தண்ணிடா, போய்ட்டு வந்தா உனக்கும் சரியாயிடும்னு. எனக்கும் அப்படி ஒரு நெனப்பு. பொண்ணு வீட்டுக்காரங்க கூப்பிட்டு வரலன்னா அசிங்கம்னு வேற."

"வேணாம்னு சொன்னது நீங்களா, அம்மாவா?"

"நான்தாங்க." என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "ஆனா இந்தக் காரணம் இல்ல. நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். உங்க அப்பாகிட்ட நானே சொல்றேன்."

வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். கூடத்தை இரண்டு முறை பெருக்கினேன். அம்மா, "என்னாடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள். பதினொரு மணி வாக்கில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கினார்.

அப்பா அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே பேசினார். நான் சமையலறை வாசலில் நின்றேன். இந்த முறை என் கையில் தட்டு இல்லை, தட்டு அம்மாவின் கையில் இருந்தது.

"அன்னிக்குப் படகுல விழுந்தது உங்க பொண்ணு இல்ல சார். நான்தான் எறங்கினேன். பயத்துல. என்ன வெளிய கூட்டிக்கிட்டு வந்தது அவுங்க. அம்மா மாத்திச் சொன்னாங்க, நான் வாயத் தொறக்கல. அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போவ வந்தேன். கடலூர்ல யார் யார்கிட்ட அம்மா சொன்னாங்களோ, அவுங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு வரும்போது எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

"உக்காருங்க தம்பி," என்று அவரிடம் மறுபடி சொன்னார் அப்பா. "பயம் யாருக்குத்தான் இல்ல? அது ஒரு கொறையா எனக்குத் தெரியல. இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்களே, அதான் எனக்குப் பெருசு. நேரா கேக்கறேன். பொண்ண உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அவர் உட்கார்ந்தார். காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"புடிச்சிருக்கு சார்," என்றார். "ஆனா அவுங்களப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எடம்தான் வருது. நேத்து பேங்க்ல அவுங்க வந்து உக்காந்தப்பக்கூட எனக்கு மூச்சு முட்டுச்சு. அது அவுங்க தப்பு இல்ல. என்னால இப்ப முடியாது."

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தெரு முனை வரை போய் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் அவர் தோளைத் தொட்டு வெளியே கொண்டு வந்தேன். அதனாலேயே என்னைப் பார்க்க முடியாதாம். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். வங்கி வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் போக மழைக்காலம் ஆயிற்று. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து குமராட்சிப் பக்கம் பஸ் நின்றுபோன ஒரு நாள், அந்தத் தண்ணீரை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் விரலால் காட்டிய அந்த இடைவெளி ஞாபகம் வந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் என்னையும் அவர் வைத்துவிட்டிருக்கிறார். அவர் வேண்டுமென்று வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

அவர் சொன்னபடி செய்தார். அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்தப் புள்ளையே வந்து சொல்லுச்சுடி, நம்ம பொண்ணுதான் காப்பாத்துச்சாம்" என்று அம்மாவிடம் கதையை மாற்றிச் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் வங்கியில் மாற்றல் கேட்டு தருமபுரிப் பக்கம் போய்விட்டதாக மாமா சொன்னார். கடல் பார்க்காத ஊர்.

அடுத்த வருஷம் குமராட்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வேளாண்மை அலுவலகத்தில் வேலை. வீட்டில் நெல் விவசாயம். கூடத்தில் தட்டோடு நிற்கும் பேச்சை இந்த முறை யாரும் எடுக்கவில்லை. போட்டோ மட்டும் மாற்றிக்கொண்டோம். அவர் போன் நம்பரை அப்பாவிடமிருந்து நானே வாங்கினேன். யாராவது ஒருநாள் அவரிடம் அந்தக் கதையை எப்படியாவது சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

மதிய இடைவேளையில் பள்ளி மைதானத்தில் நடந்துகொண்டே போனில் சொன்னேன். பிச்சாவரம், குகை, தண்ணீர் வற்றியது, நான் சேலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கியது வரைக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினேன். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எந்தச் சேறு?" என்றார் அவர்.

"என்னங்க?"

"வழுக்கற சேறா, காலை உள்ள வாங்கற சேறா?"

"உள்ள வாங்கற சேறுதான். முழங்கால் வரைக்கும்."

"அதுல நேரா காலத் தூக்கினா வராதுங்க. குதிகால மொதல்ல தூக்கி, அப்புறம் விரல உருவணும். நடவுக்கு எறங்கறவங்க எல்லாம் அப்படித்தான் நடப்பாங்க. நீங்க எப்படி நடந்தீங்க?"

"புடுங்கிப் புடுங்கி வச்சேன்."

"அதான் செருப்பு போயிருக்கும்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. பேச்சு அப்படியே எங்கெங்கோ போயிற்று. மணி அடித்தது, பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள், நான் இன்னும் வேப்ப மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

நிலைகொள்ளாமை முழுக்கப் போய்விடவில்லை. இப்போதும் சிலநாள் சமையலறைக்கும் கூடத்துக்கும் காரணமில்லாமல் நடப்பேன். வெள்ளம் வரும் மாதங்களில், மினி பஸ் நின்று பள்ளிக்குப் போக முடியாத நாட்களில், அது இன்னும் ஜாஸ்தி. அப்போது அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "வரப்பு வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்பார். போவோம்.